மழை படாத பிள்ளை

என் சின்னம்மா காத்தாயிக்குத் தொண்டை பெரிது. அரிமளத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில், வாசலில் நின்று அவள் ஆட்டைக் கூப்பிட்டால் கண்மாய்க்குள் மேய்கிற அடுத்த வீட்டு ஆடும் தலையைத் தூக்கிப் பார்க்கும். நூறு நாள் வேலைக்குப் போனால் மண்வெட்டியைவிட அவள் வாய்தான் அதிகம் வேலை செய்யும். கொஞ்ச நேரம் சும்மா இரு என்று யாராவது சொன்னால், "வாய மூடிக்கிட்டு இருக்குறதுக்கு நான் என்ன செவத்துல மாட்டுன போட்டோவா?" என்பாள்.

இன்று அந்த வீட்டில் சத்தமே கிடையாது. ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பிள்ளை போன துக்கம் என்கிறார்கள். பிள்ளை போனபோதுகூட அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேச்சு நின்றது சென்னையில் ஒரு கலைக்கூடத்துக்குப் போய்வந்த பிறகு. கூட்டிப்போனவள் நான்தான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். ஊர் வாயில் விட்டால் அதற்குக் கை கால் முளைத்துவிடும்.

நான் சுடர்விழி. காத்தாயியின் அக்காள் மகள். சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, சாமி, குறி, தோஷம் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை குறைவு. கோபம் அதிகம். இதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. சித்தப்பா பெரியண்ணன் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொன்னதெல்லாம் மற்றவர்கள்தான். சொந்தத்தில் வளைகாப்பு என்றால் சின்னம்மாவைச் சபைக்குக் கூப்பிட மாட்டார்கள், அடுப்படிக்குக் கூப்பிடுவார்கள். "நான் இல்லேன்னா ஒங்களுக்குச் சோறு வேகுமா?" என்று அங்கேயும் சத்தமாகச் சிரிப்பாள். பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத் தனியாகப் போய் மூக்கைச் சிந்துவாள். சின்ன வயதில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஐயனாரிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தால் மண் பிள்ளை செய்து வைக்கிறேன் என்று. எங்கள் ஊர் ஐயனாருக்குக் கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காடும், காட்டுக்குள் வரிசையாக நிற்கிற மண் குதிரைகளும்தான் கோயில். புரவி எடுப்பு அன்று மண் வனைகிற வேளார் வீட்டிலிருந்து புதுக் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே காட்டுக்குப் போகும். பிள்ளை வரம் கிடைத்தவர்கள் மண் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் போவார்கள். மண் பிள்ளையை மட்டும் வேளார் அரைவேக்காடாகத்தான் சுடுவார். வெயிலிலும் மழையிலும் கிடந்து அது கரைய வேண்டும்.

இதில் எங்கள் பங்காளிகளுக்குள் தனியாக ஒரு கட்டுப்பாடு உண்டு. மண் பிள்ளை கரைந்து மண்ணாகிறவரை வீட்டில் வளர்கிற பிள்ளை சாமியின் பிள்ளை. அதற்கு முடி இறக்கக் கூடாது, காது குத்தக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது. கரைந்த பிறகு அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, பெற்றவள் தன் கையால் பிள்ளையின் நெற்றியில் வைக்க வேண்டும். அன்றிலிருந்துதான் அது நம் பிள்ளை. கையால் உடைத்துக் காரியத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாமே என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அது உயிரோடு இருக்கிற பிள்ளையை அடிக்கிற மாதிரி. பெரும்பாலும் இரண்டு மூன்று ஐப்பசி மழையில் எல்லாம் தானாகவே முடிந்துவிடும்.

அபிராமி பிறந்த மறு வருஷம் சின்னம்மா மண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனாள். நிஜப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல அதன் மணிக்கட்டிலும் கறுப்புக் கயிற்றில் வசம்பு கோத்துக் கட்டியிருந்தாள். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வெட்டவெளியில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். இவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய குதிரையின் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏண்டி, அங்கிட்டு வச்சா எப்புடிடி கரையும்?" என்று பக்கத்து வீட்டு அமிர்தவல்லி கேட்டாள்.

"பச்சப்புள்ளக்கா. நனைஞ்சா சளி புடிக்காதா?"

கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் எடுத்து வெளியே வைக்கவில்லை. வைத்ததைப் பெற்றவள் எடுத்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்கின மாதிரி ஆகிவிடுமாம்.

மழை பெய்தது. மற்ற மண் பிள்ளைகளுக்கு மூக்கு போனது, கை போனது, பிறகு ஆளே போனார்கள். பெரிய குதிரையின் வயிற்றுக்கடியில் ஒரு சொட்டு விழவில்லை. பெண்கள் அந்தக் காட்டுக்குள் போவது புரவி எடுப்பு அன்று மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் சின்னம்மா குனிந்து பார்த்துவிட்டு வருவாள். "நல்லா குண்டாத்தான் இருக்கா" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை.

அபி வளர்ந்தாள். இறக்காத முடி இடுப்பு வரை தொங்கியது. தடுப்பூசி போட நர்சம்மா ஊருக்கே வந்துவிடுவார், அஞ்சாம் வகுப்பு வரை பள்ளிக்கூடமும் ஊரிலேயே இருந்தது; ஆகவே பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. அஞ்சாம் வகுப்பு முடியப்போகிற சமயத்தில்தான் வீட்டில் சண்டை தொடங்கியது. சாயங்காலம் ஆனால் அபி எல்லைக்கல்லில் போய் உட்கார்ந்துகொள்வாள். அரிமளத்திலிருந்து வருகிற பஸ்ஸில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இறங்குவார்கள். அவர்களுக்குக் கை காட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள்.

"ஆறாப்பு அரிமளத்துலதான இருக்கு. அங்கிட்டு அனுப்பணுமா வேணாமா?" என்று சித்தப்பா கேட்டார். விடுமுறைக்கு வந்திருந்த நானும் அங்கே இருந்தேன்.

"கரையாம எப்புடிங்க அனுப்புறது?"

"நீ கொண்டி வச்ச எடம் அப்புடி."

"அதுக்காக மழையில தூக்கிப் போடச் சொல்றீங்களா? அதுவும் எம்புள்ளதான்."

அபி தட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, அந்தப் பாப்பா எப்பத்தான் சாகும்?" என்று கேட்டாள். சின்னம்மா அவளை முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குமுன் அவள் பிள்ளையைத் தொட்டு அடித்ததில்லை. நான் என் பங்குக்குக் கத்தினேன். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், அவளை நாளைக்கே நான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் பார் என்று. சித்தப்பா எழுந்து கை கழுவப் போனார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அந்தச் சித்திரையில் ஒரு கோடை மழை பேயாகப் பெய்து ஓய்ந்தது. மழை விட்ட மறுநாள் சித்தப்பா கையில் ஒரு பூவரச இலையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காற்றில் பெரிய குதிரை சாய்ந்துவிட்டதாம். அடியில் இருந்த பிள்ளை தண்ணீரில் ஊறிக் கரைந்துவிட்டதாம். இலைக்குள் ஈர மண் இருந்தது. சின்னம்மா அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள். ஒரு பிள்ளையை இழந்தவள் மாதிரி அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அபியைக் கூப்பிட்டு உட்கார வைத்து நெற்றியில் மண்ணை வைத்தாள். மோதிர விரலால் தொட்டு, கொஞ்சம் அழுத்தி. அந்த மாதமே முடி இறக்கிக் காது குத்தினார்கள். ஆனியில் அபி மொட்டைத் தலையோடு பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. அரிமளத்தில் பன்னிரண்டு முடித்துப் புதுக்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் இருந்துகொண்டு, "சுடரக்கா, நானும் ஒன்னைய மாதிரி லேபுக்குத்தான் வாரேன், எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையி" என்று போனில் மிரட்டுவாள். தொண்டை அவள் அம்மாவுடையது.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் விடுதியில் காய்ச்சல் வந்தது. டெங்கு. திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதனை முடிவைச் சித்தப்பா எனக்குப் போனில் அனுப்பினார். என் தொழில் அது, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். திருச்சிக்குள் நுழைவதற்கு முன்பே போன் வந்தது.

கல்யாணமாகாத பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. சொந்தக் கொல்லையில், தெற்கு முந்திரி மரத்தடியில் குழி வெட்டினார்கள். பெண்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். "ஒரு பிடி மண்ணு நானும் போடுறேன், விடுங்கய்யா, நான் பெத்தவ" என்று சின்னம்மா கத்தினாள். பெத்தவள் மண் போடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அமிர்தவல்லியும் நானும் சேர்ந்துதான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குரல் கொல்லை வரைக்கும் கேட்டதாம். அங்கே நின்ற ஆண்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அதன்பிறகு அவள் பேச்சு வேறு மாதிரி ஆனது. எந்நேரமும் தன்னையே குறுக்குவிசாரணை செய்துகொண்டிருந்தாள். "நாந்தான் கொறை வச்சிட்டேன். குதிரைக்கடியில வச்சது தப்பு. சாமிக்குக் குடுக்கும்போதே கை இழுத்துப் புடிச்சிட்டேன். அதான் அவரு எடுத்துக்கிட்டாரு." வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொன்னாள். கொசுவுக்கு எல்லைக்கல் தெரியாது சின்னம்மா என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவாள். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "நெசமாவே முழுசாக் கரைஞ்சிருச்சாங்க? ஒரு கை, ஒரு காலு மிச்சமிருந்துச்சா? நல்லாப் பாத்தீங்களா?" என்பாள்.

"கரைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைக்குப் போய்விடுவார். இப்படியே இரண்டு வருஷம் போனது.

பிறகு அந்த அழைப்பிதழ் வந்தது. சென்னையில் பழைய கலை, புதுக் கலை இரண்டுக்குமாகத் தேசியக் கலைக்கூடம் ஒன்று திறந்திருந்தார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதில் எங்கள் ஊர்க் காட்டுக் குதிரைகளைக் கொண்டு சூர்யநாராயணன் என்ற கலைஞர் ஒரு கூடம் அமைத்திருந்தார். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். மறக்காமல் ஊருக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் வந்து கேட்டபோது ஊர் ஆண்கள் கூடிப் பேசி, பழசு கிடந்து உடைகிறதுதானே என்று டெம்போவில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பொம்பளைகள் காதில் போட்டால் தகராறு வரும் என்று வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை; அடுத்த புரவி எடுப்பில் பெண்கள் கேட்டபோது, கோடை மழையில் சாய்ந்து உடைந்துபோனது என்று சொல்லிவிட்டார்களாம்.

அழைப்பிதழ் வீடு வீடாகச் சுற்றிச் சின்னம்மா கைக்கும் வந்தது. அட்டையில் ஒரு குதிரை நின்றது. அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, இது சாஞ்சு போச்சுன்னு சொன்ன குதிரையில்ல?"

சித்தப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாக் குதிரையும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும்."

"கழுத்துச் சலங்கையில நடுமணி இல்ல பாருங்க. நான் பத்து வருசம் குனிஞ்சு பாத்த குதிரைங்க. எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். குதிரை விழவில்லை என்றால் அடியில் இருந்தது எப்படிக் கரையும்? கரையாமலே பிள்ளைக்கு முடி இறக்கிவிட்டோமா? சாமி பிள்ளையை எல்லை தாண்ட விட்டோமா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். எனக்கு இந்த வியாக்கியானமெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டால், அது வேறு குதிரை, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால், அவள் தன்னைத் திட்டிக்கொள்வது நிற்கும் என்று நினைத்தேன். ஊருக்கு வந்து கூப்பிட்டேன்.

பஸ் ஏறும்போது சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டிப் போகாத ஆத்தா. அவ தாங்க மாட்டா."

கூட்டம், வெயில், அலைச்சல் இதைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "நான் பாத்துக்கிறேன் சித்தப்பா" என்றேன்.

கலைக்கூடத்தின் வாசலிலேயே சின்னம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். காவலுக்கு நின்றவர், "செருப்பு போட்டுக்கிட்டே போகலாம்மா" என்றார். "உள்ள எங்க சாமி குதிரை இருக்குங்க" என்றாள். அவர் வழிவிட்டார். ஆனால் பையைத் திறந்து பார்த்தவர்கள் விடவில்லை. தேங்காய், சூடம், தீப்பெட்டி. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அவள் அந்த டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கீழ்த்தளம் முழுக்கப் பழசு. செப்புச் சிலைகளின் முன்னால் எல்லாம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எண்ணெ காட்டி எம்புட்டு நாளாச்சோ, காஞ்சு கெடக்குறாங்க" என்றாள். மேல்தளம் புதுசு. நசுங்கிய அலுமினியக் குண்டான்களைக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்த அறையில் ஒரு சுவரில் பெரிய வெள்ளைத் துணி, கீழே வரைந்தவர் பெயர், வேறு ஒன்றும் இல்லை. "வெள்ளையடிச்சிட்டுப் போனவுங்க இன்னும் வரலையா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு எங்கள் சின்னம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கூடத்தில் விளக்கு மங்கல். நடுவில் எங்கள் ஊர்க் குதிரைகள் நின்றன. தூசி இல்லை, காக்கை எச்சம் இல்லை. குளிர் முகத்தில் அறைந்தது. பெரிய குதிரை முழுசாக, இரண்டு காதோடு, கழுத்துச் சலங்கையில் நடுமணி இல்லாமல் நின்றது. சின்னம்மா கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே குனிந்து வயிற்றுக்கடியில் பார்த்தாள். அங்கே பளபளக்கிற தரைதான் இருந்தது.

"இல்ல சின்னம்மா. பாத்தீங்கள்ல? இல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாக இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் ஒரு பச்சைத் துண்டை விரித்து அதன்மேல் மண் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். குண்டாகத்தான் இருந்தது. ஒரு விரல்கூட உடையவில்லை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறும் வசம்பும் இருந்தன. கீழே தமிழில் எழுதியிருந்ததை நான் வாசித்துத் தொலைத்தேன்: மண் குழந்தை. புதுக்கோட்டை மாவட்டம். கொடுத்த தாயின் பெயர் தெரியவில்லை.

பெட்டிக்கு மேலே ஒரு திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாத படம். எங்கள் காடு. டெம்போ. ஊர் ஆண்கள் குதிரையைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். தாடி வைத்த ஒருவர், சூர்யநாராயணனாக இருக்க வேண்டும், வழிசொல்லிக்கொண்டு நிற்கிறார். குதிரை நகர்ந்ததும் ஒரு ஆள் குனிந்து அடியில் இருந்ததை எடுக்கிறார். தோளில் கிடந்த பச்சைத் துண்டை உதறி அதில் வைத்துச் சுற்றுகிறார். ஒரு உள்ளங்கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு டெம்போவில் இருக்கிறவரிடம் நீட்டுகிறார். கொடுத்த பிறகும் கை கொஞ்ச நேரம் நீட்டினபடியே இருக்கிறது. பிறகு படம் முதலில் இருந்து ஓடுகிறது.

அந்த ஆள் பெரியண்ணன் சித்தப்பா.

சின்னம்மா நின்றுகொண்டே பார்த்தாள். திரும்ப ஓடியது, திரும்பப் பார்த்தாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. "தலையத் தாங்கிப் புடிச்சிருக்காரு பாரு" என்று மட்டும் சொன்னாள்.

கூடத்துக்குக் காவலாக ஷர்லி என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் இருந்தாள். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா" என்றாள். சின்னம்மா உட்காராமல் அவளிடம் கேட்டாள்:

"ஏம்மா, இத வெளிய எடுத்து மழையில வைக்க முடியுமா?"

"மழையிலயா? ஐயோ, ஈரமே படக் கூடாதும்மா. ஏசி கொஞ்சம் கொறைஞ்சாலே ஆபீஸ்ல அலாரம் அடிக்கும்."

"எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீங்க?"

"இது எப்பவும் இருக்கும்மா. எங்க காலத்துக்கு அப்புறமும் இருக்கும். அப்படிப் பாதுகாப்பா வச்சிருக்கோம்." அந்தப் பெண் நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சிரித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சின்னம்மா கண்ணாடியில் கை வைக்கப் போனாள். தொடாதீங்கம்மா என்று ஷர்லி சொன்னதும் கையை எடுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை மண்ணுக்குள் இருந்தது, மண் பிள்ளை குளிரில் பத்திரமாக இருந்தது. வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கினோம். தேங்காயை அவள் ஊர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வரும் வழியெல்லாம் நான் சித்தப்பாவோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. உடைத்தால் கொலை. வைத்திருந்தால் பிள்ளைக்குப் படிப்பு இல்லை. அதனால் தத்துக் கொடுக்கிற மாதிரி தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் டெம்போவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தே கொடுத்திருப்பேன். அது தப்பே இல்லை. ஆனால் இந்த இரண்டு வருஷம்? அவள் தன்னைத் தானே கொன்றுகொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரே, அதை எதில் சேர்ப்பது?

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒடைக்கல காத்தாயி. ஐயனார் சத்தியமா ஒடைக்கல. நல்லா வச்சுக்கிறேன்னு அந்தாளு சொன்னாரு. புள்ள கல்லுல உக்காந்துக்கிட்டு போற வார பஸ்ஸப் பாத்துக்கிட்டே இருந்தா. எனக்குத் தாங்கல." சொல்லும்போது அவர் இரண்டு கைகளையும் மடியில் ஏந்தினபடி வைத்திருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ரெண்டு வருசமா இவங்க தன்னையே திட்டிக்கிட்டு இருந்தாங்களே சித்தப்பா. அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கக் கூடாதா?"

"சொன்னா என்னைய வெறுத்துருவான்னு பயந்தேன் ஆத்தா" என்றார். அவ்வளவு சின்னக் காரணம்.

சின்னம்மா என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினாள். தேங்காயை வாசலில் வைத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. அந்தத் தொண்டையில் இருந்து அவ்வளவு மெல்லிசாகக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எலையில மடிச்சுக் கொண்டாந்து குடுத்தீங்களே. அந்த மண்ணு எங்க எடுத்தது?"

சித்தப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் வரை அவருக்கே அது உறைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"சாமி மண்ண எடுத்துப் பொய் சொல்ல மனசு வரல" என்றார். "நம்ம கொல்லையிலதான். தெக்கு முந்திரியடியில."

சின்னம்மா தன் வலது கையைத் திருப்பி மோதிர விரலைப் பார்த்தாள்.

"ஒரு பிடி மண்ணு போட விடலைன்னு அம்புட்டுப் பேரையும் வஞ்சேனே. நாந்தான் மொத மண்ணு போட்டுருக்கேன். அவ உசுரோட இருக்கும்போதே, நெத்தியில."

பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றப் போனாள். பொழுது சாய்ந்து வெகுநேரம் வரை ஆடுகள் வரவில்லை. அவள் கூப்பிடவில்லை.